படகுக்காரர் மைன்ராட் சொல்லாமல் விட்ட இடம்

1988ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், ஊரி ஏரிக்கரை விடுதியொன்றின் சமையலறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் மைன்ராட் ஆஷ்வாண்டனை முதன்முதலாகப் பார்த்தேன். பயணிகளைத் தம் படகில் ஏற்றிச்சென்று, முன்னோர் மூவர் விடுதலைக்காகச் சத்தியம் செய்த புல்வெளியையும், வில்வீரன் குதித்த பாறையையும் காட்டுவது அவருடைய தொழில். கைதியாக ஆளுநரின் படகில் சென்ற அவ்வீரன், புயலில் சுக்கான் பிடிப்பதற்காகக் கட்டவிழ்க்கப்பட்டு, பாறையில் தாவித் தப்பினான் என்பது இந்நாட்டுக் கதை. மைன்ராட் அதைச் சுக்கான்வரை உற்சாகமாகச் சொல்லுவார். பாறை தென்பட்டதும் வாயை மூடிக்கொள்வார்.

"மிச்சத்தையும் சொல்லுங்க!" என்பார்கள் பயணிகள்.

"டவுன்ல அவனுக்குச் சிலை இருக்கு. அதுகிட்டக் கேளுங்க, சும்மாதான நிக்குது."

அவருடைய தம்பி டோனி ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அப்பாறையருகே மூழ்கி இறந்தவர். இருநூறு மீட்டர் ஆழம்; உடல் கிடைக்கவில்லை. டோனியின் மனைவி ஃப்ரேனிதான் எங்கள் தலைமைச் சமையற்காரர். காற்று அவரைப் படகிலிருந்து தள்ளிவிட்டது என்று ஊரார் சொன்னதையே அவரும் நம்பியிருந்தார்.

அடுத்த மார்ச்சில் ஒருநாள், தெற்கு மலையிலிருந்து சூட்டுக்காற்று இறங்கியது. ஒரு பொறி பறந்தாலும் மரவீடுகள் மொத்தமும் எரிந்துபோகும் என்பதால், அக்காற்று வீசும் நாளில் எங்கள் விறகடுப்பு மூட்டப்படாது. வெளியே எவரும் புகைக்கக் கூடாது. தீக்காவலர் தெருத்தெருவாகச் சுற்றிவருவார். நாங்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தோம்.

"படகும் ஓடல, பைப்பும் புகையல. கொட்டாவி விடத்தான் இங்க வந்தியா?" என்று ஃப்ரேனி மைன்ராட்டைச் சீண்டினார்.

"மெதுவாப் பேசு. தீக்காவலர் கொட்டாவிக்கும் தடை போட்டுடப்போறாரு."

எல்லாரும் சிரித்தோம். சன்னல் படபடவென்று அடித்தது. ஃப்ரேனியின் முகம் மாறியது.

"பாழாப்போன காத்து. இதுதான என் டோனியக் கொண்டுபோச்சு."

மைன்ராட் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"காத்து இல்ல, ஃப்ரேனி. அன்னிக்குக் காத்து கொஞ்சம் ஓய்ஞ்சிருந்துச்சு. மறுபடி கிளம்புறதுக்குள்ள ஒரு சவாரி போயிடலாம்னு நான்தான் படகை எடுத்தேன். பாறைகிட்ட வந்ததும், 'அந்த வில்லுக்காரன் மாதிரி குதிச்சுக் காட்டுடா'ன்னு சொன்னேன். குதிச்சான். கால் வழுக்கிடுச்சு. படகுக்கும் பாறைக்கும் நடுவுல போயிட்டான்."

"படகுல இருந்தவங்க யாரும் கத்தலையா?" என்று கேட்டார் ஃப்ரேனி.

"கை தட்டினாங்க. நடிப்புன்னு நெனச்சுட்டாங்க."

ஃப்ரேனி ரொட்டிக் கத்தியைத் துடைத்து இழுப்பறையில் வைத்தார். அதன்பின் பதினோராண்டுகள் அவர் மைன்ராட்டிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

மைன்ராட்டோ ஒருநாளும் சமையலறைக்கு வராமல் இருந்ததில்லை. மதியம் ஃப்ரேனி அவர்முன் சூப்பை வைப்பார். தட்டு மேசையில் படும் ஓசை மட்டும் கேட்கும். "உப்பு தூக்கலா இருக்கு" என்பார் மைன்ராட், உப்பு சரியாக இருக்கும் நாளிலும். சூப்பைப் பழைய துணியில் வடிகட்டினாயா என்று கேட்பார், கிழவியாகிவிட்டாய் என்பார். எதற்கும் பதில் வந்ததில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டில் மைன்ராட் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்தார். இன்னும் ஓரிரு நாள்தான் என்று நான் சொன்னபோது, ஃப்ரேனி மறுக்காமல் என்னுடன் பேருந்தில் ஏறினார். கட்டிலின் கால்மாட்டில், குளிரங்கியின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

மைன்ராட் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மன்னிச்சுடுன்னு கேக்கமாட்டேன்," என்றார் மூச்சிரைக்க. "ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து என்னைத் திட்டிடு, ஃப்ரேனி."