பதினோரு ஜாக்கெட், பதினோரு பூ

எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவுக்குச் சின்னாளப்பட்டியில் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தி ஜாக்கெட் தைப்பவர். தைத்தது போக மிஞ்சும் துணியை அந்தந்த ஜாக்கெட்டிலேயே ஊக்கால் குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவார். துணியை அடித்துக்கொண்டார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு அவர் இட்டிருந்த கட்டளை ஒன்றுதான்: கத்தரிக்கோலைத் தொடக் கூடாது.

ஒரு கல்யாண வீட்டுப் பெண்கள் பதினோரு பேருக்கும் ஜாக்கெட் தயாராகியிருந்தது. சித்தி அடுத்த தையலுக்குக் கொக்கி வாங்கத் திண்டுக்கல் போயிருந்தபோது, பதினோரு துண்டுகளையும் கழற்றினேன். ஓரத்தை உள்ளே மடித்து, நூலோட்டி, இழுத்துச் சுருக்கினால் துண்டு பூவாகிவிடும். எந்தப் பூ எந்த ஜாக்கெட்டுக்கு என்று சீட்டெழுதி, பிஸ்கட் டப்பாவில் வரிசையாக அடுக்கினேன். அப்போதே நான் அப்படித்தான்.

சித்தி திரும்பிவந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மணப்பெண்ணின் அம்மா வந்துவிட்டார். ஜாக்கெட்டுகளைப் புரட்டினார்.

“மிச்சத் துணியெல்லாம் எங்கத்தா?”

சித்தி ஒவ்வொரு ஜாக்கெட்டாக உதறிப் பார்த்தார்.

“மாப்பிள்ள வீட்டுத் துணியையும் உங்கிட்டதேன் குடுக்க இருந்தேன். இனி வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

நான் டப்பாவை நீட்டினேன். அந்தம்மா பல்லியைத் தூக்குவதுபோல் ஒரு பூவை இரண்டு விரலால் தூக்கினார்.

“அம்புட்டையும் வெட்டிச் சீரழிச்சு வச்சிருக்கு. யாரு பாத்த வேல இது?”

“நான்தேன் செய்யச் சொன்னேன்க்கா” என்றார் சித்தி.

எனக்குத் தாங்கவில்லை. யோசனை முழுக்க என்னுடையது. அந்தம்மா கையிலிருந்த பூவை வாங்கி, முடிச்சைப் பல்லால் கடித்து, நூலை உருவினேன். பூ அவிழ்ந்து, கத்தரி படாத துண்டாக மெஷின்மேல் விரிந்தது.

அந்தம்மா அதை நீவிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு டப்பாவிலிருந்து இன்னொரு பூவை எடுத்துக் கொண்டையில் வைத்து, கண்ணாடி முன் இரண்டு பக்கமும் திரும்பினார்.

“ஏத்தா, அவுத்தத நீயே திரும்பப் பூவாக்கு. செத்த நேரம் இருந்து வாங்கிட்டுப் போறேன். மாப்பிள்ள வீட்டுக்கும் இதே மாதிரி வேணும்.”

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எண்ணினேன். பதினோரு தலையிலும் என் பூ. பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

அன்று நான் நோட்டில் எழுதியது இப்போதும் இருக்கிறது: “பூ என் யோசனை. சித்தி பொய் சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டார்.”

எழுதியதை நான் அடிப்பதில்லை. இந்த வருடம் அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: சித்தி ‘நான்தேன்’ என்று சொன்னபோது, நூல் இன்னும் உருவப்படவில்லை; அவர் கண்ணுக்கும் அது வெட்டிய துணிதான்.