எதிர்வீட்டு க்ரீம் சீஸ் கேக்

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கேக் என்றால் கடையில் வாங்குவது என்ற கட்சியில்தான் நான் எப்போதும் இருந்தேன். படூரில் எங்கள் எதிர் ஃபிளாட்காரி நேர்மாறு. மதுராந்தகம் பக்கத்துப் பெண். யூடியூப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டவள். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் க்ரீம் சீஸ் கேக் செய்வாள். சர்க்கரைத் தூளை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து அதன்மேல் வழியவிடுவாள். எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய துண்டு தவறாமல் வரும்.

ஒருநாள் அவள் கணவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வேன் ஓட்டியவர். கேட்டருகே பார்த்தால் வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். ஒரு வருஷம் முடியும்வரை வீட்டில் பண்டிகை கிடையாது, இனிப்பு எதுவும் செய்யக்கூடாது. அது அந்தக் குடும்பத்து வழக்கம். இனிப்பை வாயில் வைப்பதில்லை என்பது மட்டும் அவளாக எடுத்துக்கொண்ட முடிவு. காபிக்குக்கூடச் சர்க்கரை போடவில்லை.

அவர் போன ஆறாவது மாதம் மகளின் பதினோராவது பிறந்தநாள் வந்தது. சித்தப்பா கேக் வாங்கித் தருவதாகச் சொல்லியும் அந்தச் சிறுமி வேண்டாம் என்றுவிட்டாளாம். லிஃப்டில் அவளைப் பார்த்தபோது காரணம் கேட்டேன்.

"அம்மா செய்றதுதான் வேணும் ஆன்ட்டி. ஆனா கேட்டா அம்மா அழும்."

நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும்.

பிறந்தநாளுக்கு முதல் நாளே ஒத்திகை பார்த்தேன். க்ரீம் சீஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெண்ணெயில் போட்டு அடித்தேன். கட்டி கட்டியாக நின்றது; சர்க்கரை, முட்டை, மைதா எல்லாம் சேர்ந்தும் கரையவில்லை. வெந்துவிட்டதா என்று ஓவன் கதவை நான்கு முறை திறந்தேன். வெளியே வந்த கேக் நடுவில் குழிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. வெட்கத்தை விட்டு, தட்டோடு எதிர்வீட்டுக்குப் போனேன்.

அவள் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். வாயில் வைக்கவில்லை. யாருக்காக என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? சீஸை ஒரு மணி நேரமாவது வெளியே வைத்தீர்களா, எத்தனை தடவை கதவைத் திறந்தீர்கள் என்று பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். அந்த ஆறு மாதத்தில் அவள் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றுதான். திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்டது எனக்கு அதுவே முதல் தடவை.

பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்லதானக்கா செய்யக்கூடாது," என்றாள். "உங்க வூட்ல செஞ்சா இன்னா?"

எனக்கு இது தோன்றவே இல்லை.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போனதும் வந்தாள். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, ஓவன் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு போட்டாள். சீஸ் நன்றாக இளகும்வரை காத்திருந்துதான் அடிக்க ஆரம்பித்தாள். கேக் குழியாமல் எழும்பி வந்தது. அது ஆறியதும், சர்க்கரைத் தூளில் எலுமிச்சை பிழிந்து கலக்கினாள். பதம் பார்க்க விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

சமைக்கிற கை பழக்கத்தில் செய்துவிட்டது. விரல் உதட்டிலேயே நின்றது. அவள் கண் நிறைந்துவிட்டது. எழுந்துபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு. அசையவும் பயமாக இருந்தது.

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி விரலைத் தோய்த்து, இந்த முறை தெரிந்தே நாக்கில் வைத்தாள்.

"புளிப்பு பத்தலக்கா," என்றாள். "இன்னொரு பழம் இருந்தா குடுங்க."