பார்க்கிங் ஓடையில் நண்டு இறங்கிய மதியம்

பார்க்கிங் என்றதும் வண்டி நிறுத்துமிடம் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கு லண்டனில் அது ஓர் ஊர். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒன்று இருபதுக்கு அதன் ரயில் நிலைய வாசலில் பஸ் ஏறினோம். ஆளுக்கு ஒன்றே முக்கால் பவுண்ட். நான் திருநெல்வேலியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள்; தம்பி வீட்டில் ஒரு மாதம் தங்க வந்திருந்தேன். கூட வந்தவர் அடுத்த வீட்டு சிவநேசன், யாழ்ப்பாணத்து அரியாலைக்காரர். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

வாளிக்குக் காரணம் அவர் மனைவி வதனி. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதிலிருந்து மூன்று வாரமாக அவளால் எதையும் வாயில் வைக்க முடியவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். முந்தின நாள்தான் ஒன்று கேட்டாள்: நண்டுக் குழம்பு. கடையில் விற்கும் ஐஸ் நண்டு வேண்டாம், உயிர் நண்டு. நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்த மாசம் இங்கத்த ஆத்து நண்டெல்லாம் முட்டையிட உப்புத் தண்ணிக்கு இறங்கும், அண்ணே" என்று படித்ததைக் கொட்டிவிட்டேன். என் வாய் இருக்கிறதே!

பஸ்ஸை விட்டு இறங்கி இருபது நிமிடம் நடந்தோம். ரோடிங் என்ற சிற்றாறு தேம்ஸில் சேரும் இடம்; அதைத்தான் பார்க்கிங் ஓடை என்கிறார்கள். மணி இரண்டு பத்து. பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஒரு பறவைகூட இல்லை. சேறு மட்டும் அப்பளம் பொரிவதுபோல் மெல்லச் சடசடத்துக்கொண்டிருந்தது. உள்ளே புழுவும் நத்தையும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

கரை முழுக்கப் பொந்துகள். அவற்றுக்குக் கீழே நண்டுகள், கொடுக்கில் ரோமம் மண்டி, கம்பளிக் கையுறை போட்டவைபோல. எல்லாம் ஒரே திசையில், கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

"சீனாவில இருந்து கப்பலில வந்ததாம். எங்களை மாதிரித்தான், டீச்சர்."

"நீங்க வந்து கரையைத் தோண்டலையே, அண்ணே."

சிரித்தார். நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். செடி, நத்தை, மீன் முட்டை, எதையும் இது விடாது. கொக்கும் விலாங்கும் இதைத் தின்றாலும் அதைவிட வேகமாகப் பெருகும். வேர் போய், பொந்து விழுந்து, கரை உள்ளுக்குள் கூடாகிவிடும். இவ்வளவும் சொன்ன நான், அந்தக் கரையில் ஒரு மனிதர் இறங்கப் போகிறாரே என்று யோசிக்கவில்லை.

"தண்ணி ஏறிச்சுன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் அரியாலைக் களப்பில வளந்தவன். ஏறினா முழங்காலுக்கு ஏறும். பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிக் கரையோரக் கல்படியில் இறங்கிப் போனார். அவருடைய களப்பில், அந்த உப்பங்கழியில், அப்படித்தான். தேம்ஸ் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கும் என்பது எங்கள் இருவருக்குமே அன்றைக்குத் தெரியாது.

இரண்டு ஐம்பது. வாளியில் ஏழெட்டு நண்டு விழுந்திருக்கும். ஓடையின் நடுவே கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைப் பாட்டில் நின்றது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு எங்களைப் பார்த்து வரத் தொடங்கியது. ஆறு திரும்பிவிட்டது, ஒரு சத்தமும் இல்லாமல்.

"அண்ணே, போதும், ஏறி வாங்க!"

திரும்பியவரின் காலடியில் பொந்துகள் உடைந்தன. தொடைவரை இறங்கிவிட்டார். வாளி கவிழ்ந்தது.

"டீச்சர், காலை எடுக்க ஏலாமக் கிடக்கு."

கொட்டிய நண்டுகள் ஓடவில்லை. ஒன்று அவர் சட்டைக் கையில் ஏறியது. இன்னொன்று சேற்றில் ஊன்றியிருந்த விரலைக் கொடுக்கால் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. யார் யாரைத் தின்கிறார்கள் என்று கரும்பலகையில் அம்புபோட்டு வரையும்போது மனிதனை எப்போதும் உச்சியில்தான் வைப்பேன். அங்கே ஒரு நண்டு மனிதரைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசிப் படியில் குப்புறப் படுத்து என் கம்பளிச் சால்வையை வீசினேன். "பூட்ஸை விடுங்க அண்ணே, படுத்து வாங்க!" என்று கத்தினேன். தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டுவிட்டது. "வதனிக்குச் சொல்லாதேங்கோ" என்றார். அந்த நேரத்தில் அவருக்கு அந்தக் கவலை! பூட்ஸைச் சேற்றுக்கே விட்டுவிட்டு, சால்வையைப் பிடித்து ஊர்ந்து வந்து சேர்ந்தார். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள், அவர் நின்ற இடம் எது என்றே தெரியவில்லை.

ஐந்து பத்துக்கு வதனிதான் கதவைத் திறந்தாள். புருஷனின் வெறுங்காலைப் பார்த்தாள்.

"சப்பாத்தை பஸ்ஸில மறந்துபோனன்" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் வரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். சுவரைப் பிடித்தபடி கேட்டு முடித்தாள்.

"நண்டு கேட்டது என்ர வாய். நீங்கள் போனா எனக்கு வாய் என்னத்துக்கு?" என்றாள் புருஷனிடம்.

அடுக்களைக்குப் போய்க் காலையில் வடித்த சோற்றில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிப் பிசைந்து எடுத்துவந்தாள். முதல் உருண்டையை அவர் வாயில் திணித்தாள். அடுத்ததைத் தன் வாயில் வைத்தாள். குமட்டியது, கண்ணில் நீர் முட்டியது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.