பொன்னையா கைமாற்றிய சீட்டு

பொன்னையா மாஸ்டர் ஓய்வு பெறும்வரை தெல்தெனியப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில்தான் இருந்தார். கணக்குப் படிப்பித்தார், கூரை ஒழுகினால் ஏறித் தகரமும் அடித்தார். விவாதப் போட்டி மட்டும் வைக்க மாட்டார். கேட்டால், பிள்ளைகளுக்கு வாய் நீண்டுவிடும் என்று எரிந்து விழுவார். காரணம் அதுவல்ல.

எண்பத்துநாலில் அவர் அம்பிட்டியப் பக்கம் ஓர் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருந்தார். முந்திய வருடத்து இனக்கலவரம் ஓய்ந்து வருடம் திரும்பவில்லை. கண்டியில் எரிந்த கடைகளுக்கு இன்னும் கூரை போடவில்லை. இருந்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் தமிழ் இலக்கிய மன்றம் கூடியது. பொன்னையாதான் செயலாளர். அங்கே ஒரு வழக்கம். எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பேசுகிறவன் தீர்மானிப்பதில்லை. பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டுச் சீட்டு எடுப்பான். விழுந்த பக்கத்துக்காகத் தொண்டை கிழியப் பேசவேண்டும். உன் மனதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கிழமைத் தலைப்பு, உரிமையைக் கேட்டு வாங்குவதா, பறித்து எடுப்பதா என்பது. பொன்னையாவுக்குப் பறிப்பது விழுந்தது. தலைமுறையாக நாடற்றவர்களாக இருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம் அவருடையது. எதிர்ப்பக்கம் விழுந்திருந்த அறைத்தோழன் விமலநாதனிடம் ஓடினார். விமலநாதன் வடக்கே சண்டிலிப்பாய்க்காரன். பேச மேடை கிடைத்தால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

“எங்கப்பாவுக்கு இப்பத்தான் பிரஜாவுரிமை கெடைச்சிருக்கு. நான் இதைப் பேசி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா…”

“கொண்டா இஞ்ச. எனக்கு எந்தப் பக்கமெண்டாலும் ஒண்டுதான். கப் கிடைச்சால் பங்கு கேக்கப்படாது, சொல்லிப்போட்டன்.”

யாருக்கும் தெரியாமல் சீட்டை மாற்றிக்கொண்டார்கள். விமலநாதன் பேசிய பேச்சில் மண்டபமே அதிர்ந்தது. யாரோ அதை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அடுத்த கிழமை சிவில் உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர் வந்து கலாசாலை அதிபரின் கந்தோர் அறையில் உட்கார்ந்தார்கள். அதிபர் பொன்னையாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தை விமலநாதன் தானாக எடுத்தானா என்று கேட்டபோது அதிபரின் கண் கெஞ்சியது. சீட்டில் விழுந்தது என்று ஒரு சொல் வந்தால் பையன் தப்புவான். ஆனால் யாருக்கு விழுந்தது என்றல்லவா அடுத்ததாகக் கேட்பார்கள்.

“அவராத்தாங்க கேட்டு வாங்கிக்கிட்டாரு,” என்றார் பொன்னையா.

முழுப்பொய்யும் இல்லை. அதுதான் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. விமலநாதனை ஜீப்பில் ஏற்றினார்கள். தடுப்பு முகாமில் வருடக்கணக்காகக் கிடந்தான். அவனுக்கு வாத்தியார் வேலை கிடைக்கவே இல்லை.

பத்து வருடம் போயிருக்கும். கண்டி பஸ் நிலையத்தில் ஒரு கை தோளில் விழுந்தது. முன்பல் இல்லாத வாயோடு விமலநாதன் சிரித்தான். பார்க்காத மாதிரிப் போகிறாயோ என்று ஏசியபடியே தேத்தண்ணிக் கடைக்குள் இழுத்துப் போனான். கலாசாலைச் சாப்பாட்டையும் அதிபரின் கோட்டு உடுப்பையும் நையாண்டி பண்ணினான். பிறகு கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னான்:

“நீ சீட்டில விழுந்ததெண்டு சொல்லியிருப்பாய். அவங்கள் நம்பேல்லை. என்ன செய்யிறது, மச்சான்.”

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். எதிரே பொலிஸ் இல்லை. அப்பாவும் செத்துப் போயிருந்தார்.

“ஆமா விமல். சொன்னேன்.”

விமலநாதன் அவர் கையில் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தான். பஸ் புறப்படும்போது யன்னலால் தலையை நீட்டி, உன் பள்ளிக்கூடத்திலும் மன்றம் நடத்துகிறாயா, டின்னுக்குள் சீட்டுப் போடுகிறாயா என்று கத்திக் கேட்டான்.

பொன்னையா அதற்கும் ஆமென்று தலையை ஆட்டினார்.