கடைசி எபிசோடில் சித்தப்பா சொன்னது

என் சித்தப்பா ஒரு பொய்யர். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

எனக்கு ஏழு வயதில் அம்மாவும் நானும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தோம். அப்பா ஷார்ஜாவில் இருக்கிறார், திரும்பியதும் உங்களுக்கு இங்கேதான் குடித்தனம் என்று சொல்லிச் சித்தப்பாதான் வரவழைத்தார். அவரும் சித்தியும் கீழ் அறையில். நாங்கள் ஏணி ஏறிப் போகும் மேல் அறையில். அம்மா கீழே டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து வந்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர் வரும். அனிமே என்ற பெயரெல்லாம் அப்போது தெரியாது. பறக்கும் கப்பலில் வேலைக்குப் போன அப்பாவைத் தேடி, நீலத் தொப்பி போட்ட ஒரு பெண் ஊர் ஊராக அலைவாள். பேச்செல்லாம் இந்தி. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. பை தைக்கும் பட்டறையிலிருந்து டீ குடிக்க வரும் சித்தப்பாதான் தமிழில் சொல்லுவார். நன்றாகவே சொல்லுவார். வில்லன் “ஏலேய், கப்பலத் திருப்புல!” என்று அவர் குரலில் கத்தும்போது சித்திகூடச் சிரிப்பாள்.

கடைசி எபிசோடில் அந்தப் பெண் துறைமுகத்தில் அப்பாவைப் பிடித்துவிட்டாள். கப்பல் கிளம்பப் போகிறது. அவர் குனிந்து ஏதோ சொன்னார். சித்தப்பா டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுதாரு? சொல்லுங்க சித்தப்பா!”

“மழை முடியுததுக்குள்ள வந்துருவேன், அதுவரைக்கும் அம்மாவப் பாத்துக்கன்னு சொல்லுதாரு.”

அத்துடன் தொடர் முடிந்தது.

அடுத்த வருடம் மாமா ஊரிலிருந்து வந்து அம்மாவைக் கூப்பிட்டார். சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அம்மா அசையவில்லை. “அவிய வந்து, பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பிரக் கூடாதுல்லா?” என்றாள். மாமா தனியாகத்தான் ரயில் ஏறினார்.

அதற்கும் அடுத்த வருடம் அந்தத் தொடரின் தொடர்ச்சி சினிமாவாக வந்தது. சித்தப்பா என்னைச் சயானில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனார். அதற்குள் தண்ணீர்க் குழாய் வரிசையில் சண்டை போட்டே நான் இந்தி படித்திருந்தேன். “இந்தத் தடவ நீங்க சொல்ல வேண்டாம், எனக்கே புரியும்” என்றேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

படம் பணம் போட்டு எடுத்தது. தொடரில் நாலு கோடாக இருந்த மழை இதில் துளித் துளியாக விழுந்தது. தொடர் பத்து எபிசோட் மேகத்தைக் காட்டி இழுத்ததைப் படம் ஐந்து நிமிடத்தில் முடித்தது. கொஞ்சம் வளர்ந்துவிட்ட அந்தப் பெண் வேறொரு ஊரில் ஒரு கதவைத் தட்டுகிறாள். அப்பா திறக்கிறார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. “நான்தான் அன்றைக்கே வரமாட்டேன் என்று சொன்னேனே” என்கிறார்.

நான் எழுந்து நின்று கத்தினேன். “பொய்! வருவேன்னுதான் சொன்னான்!”

“அரே, பைட் ஜா!” என்று பின்னாலிருந்து ஒருவன் அதட்டினான். சித்தப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். படம் முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

தொடரைப் பார்க்காமலேயே படத்தை எடுத்திருக்கிறார்கள் என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கல்லூரியிலும் அதையே சொல்லிச் சண்டை போட்டேன்.

அப்பா ஷார்ஜாவுக்குப் போகவே இல்லை. தாராவியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், சான்பாடாவில், இன்னொரு குடும்பத்தோடு இருந்தார். படம் பார்த்து ஒரு வருடம் கழித்து, அங்கே அவரைச் சந்தையில் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. தனக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்றார் சித்தப்பா. நம்பினோம்.

போன மாதம், செம்பூரில் என் வீட்டில், அந்தப் பழைய தொடர் போனில் கிடைத்தது. அதே இந்தி. கடைசி எபிசோடில் அப்பா குனிந்து சொல்கிறார்: “நான் திரும்பி வரமாட்டேன். உன் அம்மாவைக் காத்திருக்கச் சொல்லாதே.” மூன்று முறை போட்டுக் கேட்டேன். படம் எதையும் மாற்றவில்லை.

அந்தக் கடைசி எபிசோட் அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த இன்னொன்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கார்ட்டூனை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காத அம்மா, சித்தப்பா சொன்னதைக் கேட்டுக் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“நெசமாவே வருவேன்னா சொல்லுதாரு, தம்பி?”

“ஆமா மதினி. வராம எங்க போவாரு?”

அம்மாவுக்கும் கதை பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து நான் கைதட்டினேன். அவள் கேட்டது கார்ட்டூனைப் பற்றியில்லை என்பது ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்குத் தெரியும்.

ஊர்ச் சங்க ஆண்டு விழாவில், அண்ணன் குடும்பத்தைத் தாங்கியவர் என்று அவருக்குப் பொன்னாடை போடப் போகிறார்களாம். போடட்டும். ஆனால் மைக்கைக் கையில் வாங்கியதும், அத்தனை பேர் கேட்க, அவர் என் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்: அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாளே, அன்றைக்கே அண்ணன் சான்பாடாவில் இருப்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?