சிவப்பு விளக்கு எரியாத அரை மணி நேரம்

அந்த ஒலிப்பதிவாளருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் காது. இருபத்திரண்டு வருடத் தொழில். பக்கத்து அறையில் ஃபிரிஜ் முனகினால்கூட அதை அணைக்கச் சொல்லிவிடுவார். வெளியே அவ்வளவு பெருமை. வீட்டிலோ, மூன்று தரம் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்காத மனுஷனுக்கு எந்தப் புண்ணியவான் இந்தப் பெயரை வைத்தான் என்று மனைவி கேட்பாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை என்று அவருக்குத் தெரியவந்த கதைதான் இது.

அடைக்கலம் கேட்டு வந்தவர்களை அடைத்துவைத்திருந்த முகாம் ஒன்றைப் பற்றி ஓர் ஆவணப்படம். உள்ளே கேமரா கூடாது, குரலை மட்டும் பதிவு செய்துகொள்ளலாம், அதுவும் நாற்பதே நிமிடம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, படமே காதை நம்பித்தான். பார்வையாளர் அறையில் அவரும் இயக்குநர் அம்மாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு தையல்காரர், பதினோரு மாதமாக உள்ளே இருப்பவர். மூலையில் ஒரு காவலர், மடியில் நோட்டு. தையல்காரர் என்ன பேசினாலும் அவர் எழுதிக்கொள்வார்.

கடல் கடந்ததையும் வழியில் தம்பியைப் பறிகொடுத்ததையும் தையல்காரர் அரை மணி நேரம் சொன்னார். இயக்குநர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காதோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மைக்கை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கருவியில் முள் ஆடியது, குரலும் கேட்டது. பதிவுப் பொத்தானை அழுத்தாவிட்டாலும் முள் ஆடும், குரல் கேட்கும். சிவப்பு விளக்கு மட்டும் எரியாது. அது எரியவில்லை என்பதைக் கடைசியில்தான் பார்த்தார்.

நேற்று தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு. ஒத்துக்கொண்டால் இத்தனை வருடப் பெயரும் காற்றில் போய்விடும். ஃபேன் சத்தம் விழுந்துவிட்டது, இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள் என்று வாய் கூசாமல் சொன்னார். மிச்சம் இருந்தது எட்டு நிமிடம். பொத்தானை அழுத்திவிட்டு, "தம்பி விஷயம் வேணாம், நேரமில்ல" என்றும் சேர்த்துக்கொண்டார். சரிங்க ஐயா என்று தையல்காரர் தம்பியை விட்டுவிட்டு மீதியைச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து தையல்காரரின் வக்கீல் காதின் வீட்டுக்கே வந்தார். அடைக்கல மனு தள்ளுபடி. ஒரே நாளில், ஒரே அறையில், ஒரு தடவை தம்பி உண்டு என்கிறார், மறு தடவை தம்பியே இல்லை, ஆகவே கதை கட்டுகிறார் என்று காவலரின் நோட்டை வைத்து எழுதிவிட்டார்களாம். மேல்முறையீட்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் பதிவைக் கொடுங்கள் என்றார் வக்கீல். அழிந்துவிட்டது என்று பூசி மெழுகினார் காது. போகட்டும், இயக்குநர் அம்மா சொன்னால் படத்துக்காகச் சொல்கிறார் என்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் நீங்கள், தம்பியைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதிக் கொடுங்கள், அது போதும் என்றார்.

காது பேனாவை எடுத்தார். தம்பி பெயர் என்ன? எங்கே, எப்படிப் போனான்? சுத்தமாக ஒன்றும் ஞாபகமில்லை. அந்த மின்விசிறி எத்தனை சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்றது என்று கேளுங்கள், மேசையில் தட்டியே காட்டுவார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது அவருக்கு. உள்ளே மனைவி பாத்திரம் கழுவும் சத்தம்கூட நின்றுவிட்டது.

அப்புறம் மறைக்கவில்லை. பொத்தான் கதையை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த எட்டு நிமிடப் பதிவைப் படத்துக்குக் கொடுத்தபோது தன் குரலை மட்டும் முன்னாலிருந்து வெட்டியிருந்தார். வெட்டாத மூலப் பதிவு வீட்டில் இருந்தது. தம்பி விஷயம் வேணாம் என்று அவர் சொல்வது அதில் தெளிவாக, ஒரு சத்தமும் குறுக்கே இல்லாமல் கேட்டது. அதையும் கொடுத்தார். இயக்குநர் அம்மாவுக்கும் போன் செய்து சொன்னார். அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

வழக்கை மறுபடி விசாரிக்க ஒத்துக்கொண்டார்கள் என்று தெரிந்த பிறகு, காது மன்னிப்புக் கேட்க முகாமுக்குப் போனார். அதே அறை, அதே காவலர். முதல் தடவை நான் பதிவே செய்யவில்லை என்று சொன்னார்.

"தெரியுமே ஐயா," என்றார் தையல்காரர். "விளக்கு எரியலன்னு அப்பவே பாத்தேன். இங்க நான் வாயத் திறந்தா எல்லாரும் நோட்டு, மெஷின்னு எதுலயாவது பிடிச்சுக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் எதுலயும் பிடிக்காம சும்மா உக்காந்து கேட்டீங்க. அதான் தம்பியப் பத்தி அவ்வளவும் சொன்னேன். வேற யார்கிட்டயும் அப்படி மனசு விட்டுச் சொன்னதில்ல."

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். அந்த மனுஷனுக்கு அந்த அரை மணி நேரமாவது மிஞ்சியிருக்கும், இவருக்கும் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். ஆனால் இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"நான் கேக்கலங்க," என்றார் காது. "ஃபேனைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

தையல்காரர் மேலே ஓடிய மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போனார்.