மூத்தவன் சொன்ன பதில்

ஊரே வெள்ளத்தில் மூழ்கிய வாரம், திரேஸ்புரத்து மீனவர்களின் வள்ளங்களில் போய் உயிரோடும் பிணமாகவும் ஆட்களைத் தூக்கி வந்தோம். தண்ணீர் வடிந்ததும் எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வந்தார். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "தூக்கம் வருதா?" என்று கேட்டார்.

எங்களில் எதற்கும் மூத்தவன்தான் முதலில் வாய் திறப்பான். நிலைய அதிகாரியான நான்தான் அங்கே மூத்தவன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எரிச்சல்.

"நல்லா வருது மேடம்" என்றேன்.

வரிசையாக எல்லோரும் அதையே சொன்னார்கள். கடைசியில் டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் நல்லாத்தான் வருது மேடம்" என்றான்.

அந்தப் பொய்யை அவன் வாயில் வைத்தவன் நான். இரவெல்லாம் அவன் வண்டிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். நான் தூங்கியிருந்தால் தெரிந்திருக்காது.